சத்தம் கேட்டால் என்ன சொல்வது

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ தங்கியிருக்கிற விடுதியிலிருந்து போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். "அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. பேச ஆரம்பித்தால் ஒரு பக்கம் சாய்வேன், அடுத்த மூச்சிலேயே மறுபக்கம் சாய்வேன், உன்னையும் சேர்த்துக் குழப்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது. எழுதினால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளியுமா என்று தெரியவில்லை. இன்று புதன்கிழமை. தீபாவளி சீசன் நேரத்தில் புதன்கிழமை பகலில் நான் வீட்டில் இருப்பது ஏன் என்று உனக்குத் தோன்றும். அதையும் வரிசையில் சொல்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. நம் தெருப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன். அவர்கள் பிள்ளைகளும் நீ டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

வருகிற சனிக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பள்ளி தருகிற வாக்குறுதிகள் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஒன்றை மேடையில் வாசிக்க வேண்டும். உனக்குக் கொடுத்திருப்பது இது: "பள்ளி வேளையில் வெளியில் நிகழும் எந்தச் சம்பவம் குறித்தும் மாணவர்களிடம் தெரிவிக்கப்படாது; அவர்களுடைய மன அமைதி காக்கப்படும்." சம்பவம் என்றால் என்ன என்று பட்டாசுக் கம்பெனிகளில் பிழைக்கிற நம்மூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாம் விபத்து என்று சொல்ல மாட்டோம், வெடித்தது என்றுகூடச் சொல்ல மாட்டோம். "சத்தம் கேட்டுச்சு" என்போம். அச்சடித்தவர்களும் அந்த வார்த்தையைத் தொடவில்லை. நீ அதை வாசிக்க மாட்டேன் என்று சொல்லி, பதிலுக்கு ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறாய்: "சத்தம் கேட்டால் எங்களுக்குத் தெரிந்ததை உடனே பிள்ளைகளிடம் சொல்வோம்." தலைமையாசிரியர், கொடுத்ததை வாசி, இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றிருக்கிறார். "அம்மா, வாசிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாய். வேறு ஊர்களில் பள்ளிக்கூடம் என்ன வாக்குறுதி கொடுக்கும்? இங்கிலீஷ் பேச வைப்போம், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்போம், அடிக்க மாட்டோம். அம்மா அப்பா எரிந்துபோனால் பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பது நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் வாக்குறுதியாகிறது. அதைப் படித்தவுடன் எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே விளங்கவில்லை.

ஏனென்றால் இந்த வாக்கை முதலில் கேட்டு வாங்கியது நான்தான். அது உனக்கும் தெரியும். நீ படித்தது நம் ஊருக்குள் இருக்கிற பழைய பள்ளிக்கூடம். நீ ஆறாவது படித்தபோது ஒருநாள் காலையில் மேற்குப் பக்கம் சத்தம் கேட்டது. எல்லாப் பிள்ளைகளையும் வெளியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கரிசல் காட்டுக்குள் புகையைப் பார்த்து ஓடின. பைக்கில் வந்த யாரோ ஒருத்தன் பள்ளிக்கூட வாசலில் நின்று, பேச்சியம்மாள் வேலை பார்க்கிற ரூம் தரைமட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பேச்சியம்மாள் நம் தெருக்காரி, எனக்கு மதினி முறை. அவள் மகள் கனகா உனக்கு மூத்தவள், ஒன்பதாவது படித்தாள். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இளவயது டீச்சர் ஒருத்தி, நல்ல மனசுக்காரி, கனகாவைத் தனியே கூட்டிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். அது உண்மை என்றுதான் அந்த டீச்சர் நினைத்தாள். ஆனால் சீசன் நேரத்தில் நம் பக்கம் வேலை எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரிக்கு எப்படித் தெரியும்? ஒரு கம்பெனியில் ஆர்டர் நெருக்கினால் காண்ட்ராக்டர் இன்னொரு கம்பெனி ஆட்களை வழியிலேயே வண்டி மாற்றி அங்கே இறக்கிவிடுவார். பெயர் ஒரு கேட்டில் இருக்கும், ஆள் வேறு கேட்டுக்குள் இருப்பாள். போனை எல்லோரும் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சாயங்காலம் வண்டி திரும்பும்வரை கட்டின புருசனுக்கும் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். ஆம்பளைகள் ஆஸ்பத்திரிக்கு அடையாளம் காட்டப் போயிருந்தார்கள். வண்டி வழக்கம்போல வந்து நின்றது. பேச்சியம்மாள் தூக்குவாளியோடு இறங்கி வந்தாள். "யாருக்கு என்னாச்சு? எங்க வீட்டுல எதுக்குக் கூடியிருக்கீக?" என்றாள். நான்தான் வாயைத் திறந்தேன். "ஏ மதினி... நீ உசுரோடயா இருக்க?"

"இல்ல, ஆவியா வந்து நிக்கேன். வெலகுங்கடி, தண்ணி குடிக்கணும்."

அழுத வாயோடு எல்லோரும் சிரித்தோம். பேச்சியம்மாள் பாதி தண்ணீர் குடித்தபோதுதான் விவரம் முழுதாகப் புரிந்து அவளும் உட்கார்ந்துவிட்டாள். கனகா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்தவள் அம்மாவின் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். பிடித்து இழுக்க மூன்று நான்கு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் கம்பெனி வண்டி வந்து நின்றால் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். வயது வந்ததும் அதே வண்டியில் ஏறி அதே கம்பெனி பேக்கிங்குக்கு வந்துவிட்டாள். அம்மா இருக்கிற இடத்தில் தானும் இருந்தால்தான் பயமில்லாமல் இருக்கிறது என்றாள். இதைக் கேட்டுவிட்டு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது, சொல்.

அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் பெண்களாகச் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது, வீட்டு ஆள் வந்து நிற்கும்வரை எதையும் சொல்லக்கூடாது என்று கேட்டோம். பேசியது நான். அன்றைய பெரிய டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க கேக்கிறது நியாயம், செய்றோம்" என்றார். தாளில் எழுதவில்லை, அச்சடிக்கவில்லை. வாயால் சொன்ன வாக்கு. அதை அவர்கள் காப்பாற்றினார்கள். அதுதான் இப்போது நமக்கு இடையில் இருக்கிற பிரச்சினை.

நீ எட்டாவது படித்தபோது வந்த சத்தத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருநாளும் முழுதாகப் பேசியதில்லை. உன் அப்பா பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் ரூமில் இருந்தார். நீ அறிவியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். ஜன்னல் அதிர்ந்தது என்று பிறகு சொன்னாய். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றபோது உன் டீச்சர், "ஒண்ணுமில்ல, குவாரில வெடி வைக்கிறாங்க, உக்காந்து எழுதுங்க" என்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தகவல் வந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை. உன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரியில் நின்றேன். உன் அப்பா மத்தியானம்வரை பேசினார். அது பேச்சு என்று சொல்ல முடியாது, ஆனாலும் பேசினார். "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டார். உன்னைக் கூட்டிவர ஆள் அனுப்ப எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அவருடைய முகத்தைப் பார்த்தேன், அனுப்பவில்லை. பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு உன் சித்தப்பா வந்து உன்னைக் கூட்டிவந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பரீட்சையில் நீ வகுப்பிலேயே முதல்.

காரியம் முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்த டீச்சரிடம், "நல்லது செஞ்சீக டீச்சர்" என்று சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய். என் கையை உதறிவிட்டு வகுப்புக்குள் போனாய். அன்றிலிருந்து எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சில நாள், நான் சொன்னது சரி என்று தோன்றும். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டாம். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும். உன் கண்ணில் உன் அப்பா இன்னும் மீசையோடு சைக்கிளில்தான் வருவார். சில நாள், சோற்றைப் பிசையும்போது அந்தக் கேள்வி காதில் விழும். பிள்ளை வந்துவிட்டாளா என்று கேட்டவருக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "வந்துகிட்டு இருக்கா" என்று சொன்னேன். நீ வந்துகொண்டிருக்கவில்லை. அன்றைக்கு டீச்சர் உனக்குச் சொன்னது ஒரு பொய், நான் அவருக்குச் சொன்னது ஒரு பொய். இரண்டும் அன்பில் சொன்னவைதான். அன்பில் சொன்னதால் சரியாகிவிடுமா? எனக்கு விளங்கவில்லை பாப்பா. நீ டீச்சர் வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்றபோது, அந்த நாளுக்குப் பழி தீர்க்கத்தான் போகிறாய் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அது கெட்ட காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

திங்கள்கிழமை வண்டியில் உன் விஷயத்தை எடுத்தேன். தனியாக முட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் பிள்ளை பெற்றவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பேச்சியம்மாள் என்னை முடிக்கவிடவில்லை. "சொல்லவே கூடாதுத்தா. எம் பேரனுக்கு நான் செத்த சேதியே வந்தாலும் சாயந்தரம் பெல் அடிச்ச பெறகு சொன்னாப் போதும். நான் எங்கன ஓடியா போகப்போறேன்?"

"ஒருதரம் செத்துப் பாத்த அனுபவத்துல மதினி பேசுறாக" என்றார் வண்டி ஓட்டுகிற மாடசாமி அண்ணன், கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா. நீயே கொண்டுபோயி எங்கயாச்சும் மரத்துல சாத்திராத. கம்பெனி வரைக்குமாவது உசுரோட போவோம்."

வண்டியே சிரித்தது. பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கனகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் பொதுவாக வண்டியில் பேச மாட்டாள். "சொல்லணும்த்தே. டீச்சர் ஏங்கிட்டச் சொன்னது தப்பில்ல" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். "தப்பான சேதிதான். ஆனா அன்னைக்கு என்னைய ஒரு ஆளு கட்டிப் பிடிச்சிருந்தாக. மத்த பிள்ளைக அம்புட்டும் காட்டுக்குள்ள ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதுககிட்ட யாரும் ஒண்ணும் பேசல. அதுகள விட நான் நல்லாத்தான் இருந்தேன்."

பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருந்தவ எதுக்குடி பள்ளிக்கூடம் போகாம எம் முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச? படிச்சிருந்தா நீயும் இந்நேரம் டீச்சரா இருந்திருப்ப. அந்தப் பொம்பள சொன்ன ஒத்தச் சொல்லுல எம் பிள்ள வாழ்க்கையே போச்சு."

"அவுக சொன்னதுக்கு இல்லம்மா" என்றாள் கனகா. "நீ மறுநாளும் வண்டியேறிப் போனேல்ல, அதுக்கு."

மாடசாமி அண்ணன் பாட்டைப் போட்டார், பிறகு அவரே நிறுத்தினார். எனக்கு அன்று முழுக்கக் கை வேலையில் ஓடவில்லை. இத்தனை வருசமாகச் சொல்லலாமா கூடாதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கனகா அதைத் தாண்டி எங்கேயோ நிற்கிறாள். நாங்கள் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட வைத்து வாக்கு வாங்கினோம். கம்பெனி வாசலுக்குப் போய் எந்த வாக்கும் கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்கலாம், அவர் திட்ட மாட்டார், வண்டியிலிருந்து இறக்கிவிட மாட்டார். அதனால் கம்பெனி கொடுக்க வேண்டிய வாக்கைப் பள்ளிக்கூடத்திடம் கேட்டோம். மறுநாள் காலையில் வண்டியேறிப் போனோம். நானும் போனேன், உன் அப்பா போன பிறகும் போனேன். உன்னைப் படிக்க வைக்க வேறு வழி இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. உண்மையாக இருப்பதால் அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. உன் பள்ளிக்கூடத்து நிர்வாகத்தில் இருப்பவர்கள் யார்? நம் கம்பெனி முதலாளியும் அவருடைய சொந்தக்காரர்களும். ஊருக்கே தெரிந்த விஷயம். பிள்ளைகள் மன அமைதி அவர்களுக்கு எதற்கு இவ்வளவு முக்கியம்? பிள்ளைக்குத் தெரிந்தால் பிள்ளை அழும், அழுகிற பிள்ளையோடு சனம் கம்பெனி வாசலுக்கு வரும், வந்தால் கேள்வி கேட்கும், போனில் படம் பிடிக்கும். மணி அடிக்கும்வரை பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தால் அதற்குள் எல்லாவற்றையும் கழுவி விட்டுவிடலாம். அம்மாக்களாகிய நாங்கள் பயத்தில் கேட்ட அதே வார்த்தையை அவர்கள் வசதிக்காக அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால் நாங்கள் கேட்டது தப்பா? அவர்கள் வாயில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு சொல் கெட்டுப்போய்விடுமா? இதுதான் என்னை ரொம்பக் குழப்புகிறது. பேச்சியம்மாளும் முதலாளியும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். ஒருத்தி பேரன்மேல் உள்ள ஆசையில் சொல்கிறாள். இன்னொருத்தர் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டினால் கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் போர்மேனிடம் கேட்டேன். வேண்டுமென்று போய்ச் சண்டை போடவில்லை. வாசலில் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நமக்கு ஒரு சத்தம் கித்தம் ஆச்சுன்னா, எந்த ரூம்ல யாரு இருக்காக, யாரு நல்லா இருக்காகன்னு பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல ஒரு ஆளு போடுவீகளா?" என்றேன். அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சாமி கும்பிடுற நேரத்துல பேசுற பேச்சாம்மா இது? போயி வாயக் கழுவு."

"வாயக் கழுவிட்டு வந்து கேட்டாச் சொல்லுவீகளா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரே என்னைத் தேடி வந்தார். "உம் மக அங்கன பேசுது, நீ இங்கன பேசுத. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா? முதலாளி வீட்டுக்குச் சேதி போயிருச்சு, பாத்துக்க" என்றார். நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று நான் போனை வைத்துவிட்ட கதை அவருக்கு எங்கே தெரியும்.

இன்று காலை வண்டி நம் தெருமுனையில் நிற்கவில்லை. மெதுவாக வந்தது, பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பேச்சியம்மாள் ஏதோ கத்தினாள், வண்டி போய்விட்டது. பிறகு மாடசாமி அண்ணன் போன் செய்தார். "மதினி, கொஞ்ச நாளைக்கு ஒங்கள ஏத்த வேணாம்னுட்டாக. எம்மேல வருத்தப்படாதீக, என் வண்டியும் அவுக கையிலதான் இருக்கு." வருத்தம் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. தம்பி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, இந்த வாக்குறுதி எல்லாம் அவனுக்குத்தானே, அவனையே கேட்போம் என்று, "ஏலே, சத்தம் கேட்டா டீச்சர் ஒங்ககிட்ட என்ன சொல்லணும்?" என்றேன். "அக்காவ வேலய விட்டுத் தூக்கிட்டா நானும் வேற பள்ளிக்கூடமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் வேலை, தம்பி படிப்பு, என் வேலை எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. வாசித்துவிட்டுப் போ என்று சொல்வது அம்மாவாக எனக்குச் சுலபம். உன் வயதில் உன்னோடு படித்தவர்கள் எல்லாம் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியம்தானே, வாயசைத்துவிட்டு வா என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொன்னால், அதற்குப் பயந்துதான் போனை வைத்தேன்.

வாசிக்காதே. அவர்கள் எழுதியதை வாசிக்காதே. ஆனால் நீ எழுதியதையும் வாசிக்காதே, பாப்பா. "தெரிந்ததை உடனே சொல்வோம்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்ன தெரியும்? சத்தம் கேட்ட அந்த நேரத்தில் டீச்சருக்கு என்ன தெரியும்? காரியாபட்டி டீச்சருக்கும் தெரியும் என்றுதான் நினைப்பு. நீ ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உன் அம்மா இல்லை என்பாய், சாயங்காலம் அந்த அம்மா தூக்குவாளியோடு வந்து நிற்பாள். அல்லது இருக்கிறாள் என்பாய், இருக்க மாட்டாள். உன் பிள்ளைகளிடம் நீ கொடுக்கக்கூடிய வாக்கு என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் தெரியவில்லை என்று சொல்வேன். தெரிகிறவரை உங்களோடு இதே அறையில் உட்கார்ந்திருப்பேன், பரீட்சைத் தாளை மூடி வைத்துவிட்டு. உன் எட்டாம் வகுப்பு டீச்சர் அதைச் செய்திருந்தால் நீ அவரை மன்னித்திருப்பாய் என்று நினைக்கிறேன். தெரியாது, அப்படி நினைக்கிறேன். உன் அப்பாவைப் பார்த்திருக்க முடியாது, ஆனால் குவாரி என்று நம்பிக்கொண்டு அந்தப் பரீட்சையை எழுதியிருக்க மாட்டாய். அதற்கு மேல், வெளியே அனுப்புவதா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா, முகத்தைக் காட்டுவதா என்பதெல்லாம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதையெல்லாம் தெரிந்தவள்போல உனக்குச் சொன்னால் நானும் அந்த வழவழப்புத் தாள்போல ஆகிவிடுவேன்.

சனிக்கிழமை நான் கூட்டத்துக்கு வருவேன். தம்பியின் அம்மா நான், வர எனக்கு உரிமை இருக்கிறது. பேச்சியம்மாளையும் கனகாவையும் கூப்பிட்டிருக்கிறேன். பேச்சியம்மாள் உனக்கு எதிராகத்தான் பேசுவாள், பேசட்டும், அவள் பேரன் அவளுக்கு. முதலாளியும் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறவர்தானே. மேலே சொன்ன அந்த வாக்கை நீ சொல்லி முடித்ததும் அடுத்த டீச்சரைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நான் எழுந்துவிடுவேன். பெரிதாக எதுவும் பேச எனக்கு வராது. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: சத்தம் கேட்டால் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும், கம்பெனியில் அதை எடுத்துப் பேசப்போகிற ஆள் யார், பெயரைச் சொல்லுங்க. உட்காரச் சொல்வார்கள். பெயரைச் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

உன் அம்மா